பொங்கலுக்கு மட்டும்

1937 பெப்ரவரி 9, செவ்வாய்

காலையில் மார்க்கட்டில் தக்காளி ஆறு இறாத்தல் வாங்கினேன். வீட்டில் விசேஷமா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, கிருமிகளுக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. பேசாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். இனி அவரைப் பொறுத்தவரை எனக்குக் கல்யாணம்.

தக்காளியைப் பிழிந்து, வடிகட்டி, கடற்பாசியோடு காய்ச்சிக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றுவதற்குள் பகல் போய்விட்டது. அந்தப் புளிப்பில் மற்றக் கிருமிகள் அநேகமாக அடங்கிவிடும். பல்லை அரிக்கும் அமிலத்தை உண்டாக்குகிற கிருமி மட்டும் சுகமாக வளரும். குழந்தையின் எச்சிலில் ஒரு துளி விட்டுச் சூட்டுப் பெட்டியில் நாலு நாள் வைத்தால் வெள்ளைப் புள்ளிகளாக எழும்பி நிற்கும். எண்ணலாம். நான் உதவியாளாக இருக்கும் மருந்துச்சாலை டாக்டருக்கு வேண்டியது அந்த எண்தான். கண்டியில் முனிசிபல் கூலிகள் குடியிருக்கும் மஹய்யாவையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முன்பற்கள் ஏன் இப்படிக் கறுத்து உதிர்கின்றன? அவர்கள் தின்பதற்கும் இந்தக் கிருமிக்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவில் இனிப்பை நிறுத்தியதும் கிருமி குறைந்ததாக அவர் ஒரு சஞ்சிகையில் படித்திருக்கிறார்.

மாலையில் றலியா தாத்தாவிடம் சொன்னேன். நான் இருக்கும் அறை அவருடைய வீட்டில். இவர்கள் முஸ்லிம்கள்; அக்காவைத் தாத்தா என்கிறார்கள். எனக்கு இன்னும் நாக்கு தடுமாறுகிறது. “நாங்க நோம்புக்குக் கடப்பாசி காச்சிற. நீ பூச்சிக்குக் காச்சிறியா புள்ள?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

பெப்ரவரி 12, வெள்ளி

தாய்மாரிடம் கேட்க வேண்டிய படிவத்தை டாக்டர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். தமிழில் ஆக்குவது என் வேலை. பதினொரு கேள்விகள். முலைப்பால் எத்தனை மாதம், என்ன கஞ்சி, ஒரு நாளில் எத்தனை தடவை.

ஏழாவது இனிப்பைப் பற்றியது. ‘சீனி’ என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டுச் ‘சர்க்கரை’ என்று எழுதினேன். சீனி அச்சில் வரக்கூடிய சொல்லாகத் தோன்றவில்லை. சென்னையில் விடுதிக்குப் போன முதல் வாரம் காப்பிக்குச் சீனி கேட்டேன். மேசையே சிரித்தது. “சீனாவிலிருந்துதான் வரவழைக்கணும்” என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு நாலு வருடமும் எனக்குச் சர்க்கரைதான்.

கிளார்க் முத்துலிங்கம் படிவத்தை வாங்கி வாசித்தார். ஏழாவதில் கொஞ்சம் நின்றார். பிறகு, “வடிவாய் எழுதியிருக்கிறியள்” என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வாயால் கேட்டது நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தது. ஏன் அப்படி இருக்க வேண்டும்?

பெப்ரவரி 23, செவ்வாய்

மருந்துச்சாலை வாங்கில் நெருக்கி உட்கார்ந்து இன்று பதினாறு தாய்மார். தாதி படிவத்தை வாசித்துப் பதிலை நிரப்புகிறாள். எனக்கு எச்சில் எடுக்கும் வேலை மட்டும். அதுவே நல்லது. கேள்வி கேட்டு நிற்க எனக்கு வராது.

எச்சில் கொடுக்க ஒருத்தியும் முன்வரவில்லை. அதை வைத்துச் செய்வினை செய்துவிடுவார்களாம். கடைசியில் மூக்காயி என்ற பெண் எழுந்து வந்தாள். முனிசிபலில் தெருக் கூட்டுகிற வேலை; இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. “அத வச்சு என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டாள். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. வளர்ப்போம் என்றேன்.

“எச்சிய வளக்கிறதா? இங்க பெத்த புள்ளைய வளக்கவே வழியக் காணோம்.”

வாங்கு முழுவதும் சிரித்தது. அதன்பிறகு எல்லோரும் கொடுத்தார்கள்.

மூக்காயி கையில் பிடித்து வந்தது செல்லக்கண்ணு. மூன்று வயது. படிவத்தில் எண் 37. மேல் முன்பற்கள் நாலும் கறுத்த முளைகளாக நிற்கின்றன. எச்சில் ஊறுவதற்கு மெல்லக் கொடுத்த மெழுகை விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டாள். சிரிக்கும்போது வாயை மூடத் தெரியாத வயது.

மார்ச் 4, வியாழன்

எண்பது படிவங்களும் வந்துவிட்டன. ‘குழந்தைக்குச் சர்க்கரை கொடுப்பதுண்டா?’ அறுபத்திரண்டில் ஒரே பதில், தாதியின் சாய்ந்த எழுத்தில்: பொங்கலுக்கு மட்டும். மிச்சத்தில், இல்லை.

வருடத்தில் ஒரு நாள். படிவங்களை மறுபடி புரட்டினேன். இவ்வளவு இல்லாமையா?

ஆனால் தட்டுகள் வேறு கதை சொல்கின்றன. 37ஐ எண்ண முடியவில்லை. மாவு தூவினது போல் தட்டு முழுவதும் வெள்ளை. இனிப்பே தின்னாத வாயில் இது எப்படி?

மார்ச் 11, வியாழன்

டாக்டர் படிவக் கணக்கையும் தட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்படியானால் இனிப்பு காரணமில்லை என்றார். இந்தப் பிள்ளைகளுக்குப் பல்லே பலமில்லாமல் முளைக்கிறது, போஷாக்குக் குறைவு, பால் வேண்டும். பசும்பால் அன்றாடம் கிடைக்காது. டின் பாலை வெந்நீரில் கரைத்துக் காலையில் ஒரு கோப்பை. நாற்பது பிள்ளைகளுக்கு, மூன்று மாதம். மற்ற நாற்பதுக்கு ஒன்றுமில்லை. இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

டின் பால் தேன் போல் இனிக்குமே என்று நினைத்தேன். சொல்லவில்லை. இனிப்பு காரணமில்லை என்று காட்டுகிற எண்களை நானே எடுத்துக் கொடுத்துவிட்டு, நானே எப்படி வாய் திறப்பது?

மார்ச் 30, செவ்வாய்

பால் வரிசையில் செல்லக்கண்ணுதான் முதல். கோப்பையை நக்கித் துடைத்துத் தருகிறாள்.

ஏப்ரல் 24, சனி

பால் குடிக்கும் பிள்ளைகளின் தட்டுகளில் கிருமி எண்ணிக்கை ஏறியிருக்கிறது. குடிக்காதவர்களிடம் மாற்றமில்லை. டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். மழை. சூட்டுப் பெட்டி இரண்டு தடவை அணைந்துபோனது.

மே 6, வியாழன்

அப்பாவிடமிருந்து கடிதம். நாவலப்பிட்டி ரயில்வே யார்ட்டில் கரி அள்ளுகிறவர்; எழுத வராது. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘அழகமுத்து மகளுக்கு ஜூன் முடிய வேலை நிரந்தரமாகிறது’ என்று யார்ட் முழுக்கச் சொல்லிவிட்டாராம். இன்னும் ஆகவில்லை அப்பா.

மே 18, செவ்வாய்

செல்லக்கண்ணு இரண்டு நாளாகப் பாலுக்கு வரவில்லை. தாதி லீவு. எச்சில் குழாயோடு என்னை மஹய்யாவைக்கு அனுப்பினார் டாக்டர். இத்தனை மாதத்தில் அங்கே போவது இதுதான் முதல் தடவை. எண்பது பிள்ளைகளின் வாயும் எனக்குத் தெரியும். ஒரு வீடும் தெரியாது.

மூக்காயி ஒற்றை அறை வாசலில் நின்று வாங்கம்மா என்று கூப்பிட்டாள். உள்ளே சேலைத் தூளியில் கைக்குழந்தை. அதன் வாயில் ஒரு துணி முடிச்சு, ஈரமாக. சப்பிக்கொண்டே தூங்கியது. அது என்ன என்று கேட்டேன்.

“சீனிங்க. துணியில முடிஞ்சு வாயில வச்சுட்டுப் போனா, நான் தெருக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் அழாது. செல்லக்கண்ணும் இதச் சப்பித்தான் வளந்துச்சு.”

படிவத்தில் பொங்கலுக்கு மட்டும் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கள்ளம் எதுவும் இல்லை.

“அந்த நர்சம்மா சர்க்கர குடுப்பியான்னு கேட்டாங்க. வெல்லச் சர்க்கர பொங்கலுக்குத்தான வாங்குவோம். இது சீனியாச்சே.”

சீனியாச்சே. சீனி. எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல பொங்கப் பானைக்குப் போடுறதுதான சர்க்கரை. தேத்தண்ணிக்கு அம்மா போட்டது சீனிதான. பொறந்ததுல இருந்து அப்படித்தான சொன்னேன். பிறகு எதுக்கு அடிச்சு எழுதினேன்?

மூக்காயி தேத்தண்ணி கொடுத்தாள். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஆனால் அவள் முகம் மலர்ந்து, “நம்ம பேச்சுதான் பேசுறீங்க” என்றாள். அப்பா நாவலப்பிட்டியில் கரி அள்ளுகிறவர் என்று சொன்னேன். கண்டிக்கு வந்து இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

செல்லக்கண்ணுவுக்கு வலது தாடையில் இலேசான வீக்கம். தொட்டால் சூடு. பூச்சிப் பல்லு, நல்லெண்ணெய் வைத்திருக்கிறேன் என்றாள் மூக்காயி. மருந்துச்சாலைக்குக் கொண்டுவரச் சொன்னேன். டாக்டரிடம் நாளைக்கே சொல்லிவிட வேண்டும்.

மே 19, புதன்

கொழும்பிலிருந்து வந்த யாரோ இருவர் மாலை வரை டாக்டருடன் இருந்தார்கள். சொல்லவில்லை.

மே 20, வியாழன்

முத்துலிங்கத்திடம் மட்டும் சொன்னேன். சர்க்கரை என்றால் உங்கள் பக்கத்தில் என்ன என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நானும் நினைச்சன், நீங்கள் பனங்கட்டி மாதிரிச் சாமானைத்தான் கேக்கிறியள் எண்டு. பிறகு, படிச்ச பிள்ளை, ஏதோ காரணம் இருக்கும் எண்டு விட்டிட்டன்.”

எல்லோரும் என் படிப்புக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. தாதி கேட்கவில்லை. தாய்மார் கேட்கவில்லை.

டாக்டரின் அறைக்கதவு வரை போனேன். தட்டவில்லை.

மே 21, வெள்ளி

என் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுதி டாக்டர் மேசையில் வைத்திருக்கிறார். கையெழுத்தும் ஆகிவிட்டது. “சந்தோஷம்தானே?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை.

மே 24, திங்கள்

சொல்லவில்லை. தாதி இன்னும் லீவு. பாலை நானே கரைத்து ஊற்றினேன். முப்பத்தொன்பது கோப்பை. செல்லக்கண்ணு வரவில்லை. எதற்குக் காத்திருக்கிறேன்? வாய் திறந்தால் போகிறது வேலைதான். திறக்காவிட்டால்—

மே 25, செவ்வாய்

மூக்காயி ஓடி வந்தாள். தோளில் செல்லக்கண்ணு. தாடை வீங்கிக் கண் வரை இழுத்துக்கொண்டு நிற்கிறது. எச்சில் வழிகிறது, விழுங்க முடியவில்லை.

அப்போதுதான் சொன்னேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று. சர்க்கரை, சீனி, ஏழாவது கேள்வி எல்லாவற்றையும். என் ஆங்கிலம் சிதறிப்போனது. எப்போது தெரிந்தது என்று கேட்டார். ஒரு வாரம் என்றேன்.  ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். பாலை நிறுத்தச் சொன்னார்.

மே 28, வெள்ளி

கடைவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கிவிட்டார்களாம். சீழ். ஆனால் வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. வார்டு வாசலில் மூக்காயி குந்தியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, மூச்சு வாங்குதும்மா என்றாள்.

மே 30, ஞாயிறு

செல்லக்கண்ணு போய்விட்டாள்.

ஜூன் 2, புதன்

பால் கொடுக்காவிட்டாலும் அந்தப் பல் சீழ்ப் பிடித்திருக்கும் என்கிறார் டாக்டர். இருக்கலாம். முளைக்கும்போதே சீனியில் ஊறிய பல். அதன்மேல் எட்டு ஒன்பது வாரம் டின் பால். அதன்மேல் நான் வாய் மூடியிருந்த ஒரு வாரம். இதில் எது எவ்வளவு என்று எந்தத் தட்டில் வளர்த்து எண்ணுவது?

றலியா தாத்தா சோற்றை மூடி அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாளாக அப்படித்தான்.

ஜூன் 16, புதன்

டாக்டர் எழுதிய அறிக்கையின் நகல் என் மேசைக்கு வந்தது, எண்களைச் சரிபார்க்க. எண்கள் சரி. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: தாய்மார் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுப்பதை மறைத்தனர், அவர்களுடைய பதில்கள் நம்பத்தக்கவை அல்ல. கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி. முழுப் பெயரோடு, பட்டத்தோடு.

என்னைக் காப்பாற்ற நினைத்திருக்கலாம். அல்லது இதுதான் எழுதுவதற்குச் சுலபமாக இருந்திருக்கலாம்.

தாதிக்கும் இது தெரிந்துவிட்டது. காலையில் கைக்குழந்தைக்கு இருமல் மருந்து வாங்க மூக்காயி வந்திருந்தாள். வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி தாதி சொன்னாள்: “அன்னிக்கு உண்மையச் சொல்லியிருந்தா உன் புள்ள இன்னிக்கு இருந்திருக்கும்.”

 மூக்காயி மருந்தை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போனாள். நான் உள்ளறையில் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

ஜூன் 20, ஞாயிறு

மஹய்யாவைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு போனதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மூக்காயி அறைக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே தொடங்கினேன். அவள் முந்திக்கொண்டாள். தப்பு என்னுதுதான்மா, சீனின்னு நான் சொல்லியிருக்கணும், நர்சம்மா சொன்னது சரிதான் என்றாள். ராத்திரி பகல் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். எச்சில் கொடுக்கச் சம்மதித்ததும் தான்தானே என்றாள்.

“நீங்க பொய் சொல்லல. நான் கேட்ட வார்த்தைதான் தப்பு” என்றேன். படிவம் நான் எழுதியது, சீனி என்று முதலில் எழுதிவிட்டு அடித்தேன், தெரிந்த பிறகும் ஒரு வாரம் வாய் மூடியிருந்தேன், என் வேலைக்குப் பயந்து. எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவளிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

 அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“நாவலப்பிட்டின்னீங்க. கரி அள்ளுறவரு மகளுன்னீங்க. உங்களுக்குச் சீனி தெரியாதா?”

தெரியும் என்றேன்.

அவள் எழுந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். காத்திருந்தேன். திரும்பி வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஜூன் 22, செவ்வாய்

டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். பேசினால் குழறும். ஒன்பதாம் பக்கத்து வாக்கியம் பொய், மறைத்தது தாய்மார் அல்லர், கேள்வியைப் பிழையாக எழுதியவள் நான், தெரிந்தும் ஏழு நாள் சொல்லாதவளும் நான். முத்துலிங்கம் டைப் அடித்தார். முடித்துவிட்டுத் தாளை உருவாமல் இருந்தார்.

“நானும் கையெழுத்து வைக்கட்டோ? நானும் வாசிச்சனான்தானே.”

வேண்டாம் என்றேன். அவருக்கு நாலு பிள்ளைகள்.

ஜூலை 1, வியாழன்

வாக்கியத்தை அடித்துவிட்டார் டாக்டர். ‘கேள்வி தவறாக அமைக்கப்பட்டிருந்தது’ என்று எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்து நன்றியும் அடிபட்டுவிட்டது. சிபாரிசுக் கடிதம் மேசையில் இல்லை. எனக்கு இன்னும் மூன்று மாதம் தற்காலிகமாக நீட்டிப்பு. அதற்குப் பிறகு பார்க்கலாமாம். தாதி என்னோடு பேசுவதில்லை.

அப்பாவுக்கு எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஜூலை 19, திங்கள்

படிவம் புதிதாக அச்சாகி வந்தது. இந்தத் தடவை கேள்வி கேட்பது நான். வீடு வீடாக. இன்று ஏழு கதவுகளில் நான்கு திறக்கவில்லை. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

ஆகஸ்ட் 11, புதன்

பதில் சொல்லவும் எச்சில் கொடுக்கவும் பதினேழு பேர் மட்டும் சம்மதித்திருக்கிறார்கள். சீனி முடிச்சை நிறுத்தினால் பிள்ளை அழும், அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது என்று ஒருத்தி கேட்டாள்.   வெறும் துணியை வேகவைத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று அவளே சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30, திங்கள்

சீனி முடிச்சை நிறுத்திய ஆறு பிள்ளைகளின் தட்டுகளை எண்ணினேன். ஐந்து தட்டுகளில் முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே. ஒரு தட்டில் பதினொரு புள்ளிகள்தான். வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்ப எண்ணினேன். சந்தோஷப்பட முடியவில்லை.

செப்டெம்பர் 14, செவ்வாய்

மழையில் வாங்கு பாதிக்கு மேல் காலி. கடைசி ஆளும் போன பிறகு மூக்காயி வந்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு இப்போதுதான். தாதியின் மேசையைத் தாண்டி நேரே என்னிடம் வந்து, மடியில் கைக்குழந்தையை மல்லாத்திப் பிடித்து, அதன் கீழ் உதட்டைத் தன் விரலாலேயே இறக்கிக் காட்டினாள். இரண்டு பற்கள். இப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கின்றன. வெள்ளை.

“கஞ்சிதான் குடுக்கிறேன். உப்புப் போட்டு” என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

பென்சிலை எடுத்தேன். என் கை அதோடு நிற்காமல் குழாய்ப் பெட்டிப் பக்கம் போயிருக்க வேண்டும்.

“எச்சி மட்டும் கேட்டுறாதீங்க.”

கேட்கவில்லை. பெட்டியை மூடி வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, அந்தப் பற்களின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தன. மூக்காயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கு என்றேன்.

குழந்தை என் விரலைக் கடித்தது. வலித்தது.